டேங்குக்கு எத்தனை மில்லி என்று கேட்பதற்கு முன்: முதுகுத் தெளிப்பானில் மருந்து அடிக்க முழுமையான வழிகாட்டி

மருந்துக்கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "டேங்குக்கு எவ்வளவு ஊத்தணும்?" கடைக்காரரும் ஒரு மூடி, ஒன்றரை மூடி என்று சொல்லிவிடுவார். உங்கள் டேங்க் 16 லிட்டரா 20 லிட்டரா என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் வேகமாக நடப்பவரா, நின்று நின்று அடிப்பவரா என்பதும் தெரியாது. ஒரு ஏக்கருக்கு எத்தனை டேங்க் பிடிக்கும் என்று தெரியாதவரை டேங்குக்கு எத்தனை மில்லி என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

புதிதாகத் தெளிப்பான் வாங்கியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் மருந்தைக் கலக்கிவிட்டு, பிறகு வயலில் இறங்கி, "பத்தலையே" என்றோ "மிஞ்சிப்போச்சே" என்றோ நிற்கிறார்கள். வரிசையை மாற்ற வேண்டும். வெறும் தண்ணீரில் அளந்து பார்த்த பிறகுதான் மருந்துப் பாட்டிலைத் திறக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது பேட்டரி ஸ்பிரேயர், கையால் பம்ப் அடிக்கும் தெளிப்பான் இரண்டுக்கும் பொருந்தும்.

1. முதலில் பூச்சியைப் பாருங்கள், பிறகு லேபிளைப் படியுங்கள்

எதற்கு அடிக்கிறோம் என்று தெரிந்தால்தான் எங்கே படவேண்டும் என்று தெரியும். நெல்லில் புகையான் தூரில் இருக்கும். வெள்ளை ஈ இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். மக்காச்சோளப் படைப்புழு குருத்துக்குள் இருக்கும். இலை மஞ்சளாவதை எல்லாம் பூச்சி என்று நினைத்து மருந்து வாங்குகிறவர்கள் உண்டு. அது சத்துக்குறையாகவோ வேர் அழுகலாகவோ இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பாதிக்கப்பட்ட செடியோடு வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போய்க் கேளுங்கள்.

வாங்கும்போது லேபிளில் நான்கு விஷயம் பாருங்கள்: உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா, ஏக்கருக்கு அல்லது எக்டேருக்கு எவ்வளவு, எவ்வளவு தண்ணீரில், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள். எழுத்து பொடியாக இருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். எக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எக்டேர் அளவை ஏக்கர் அளவு என்று படித்து இரண்டரை மடங்கு ஊற்றிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

லேபிளில் முக்கோணக் குறியும் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு; அதற்கு அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் நஞ்சுதான், வீரியம் குறைவு, அவ்வளவே. ஒரே வேலைக்கு இரண்டு மருந்து இருந்தால் பச்சையையோ நீலத்தையோ எடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். அதில் தொகுப்பு எண் இருக்க வேண்டும். பின்னால் ஏதாவது தகராறு என்றால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

2. வயலுக்குக் கொண்டுபோக வேண்டியவை

தெளிப்பான், இரண்டு பிளாஸ்டிக் வாளி, கலக்க ஒரு குச்சி, மில்லி கோடு போட்ட அளவுக் குடுவை, சிறிய அளவுக்கு ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சு, 10 மீட்டர் கயிறு, நான்கு முளைக்குச்சி, கைபேசி. பாட்டில் மூடியை அளவாக வைக்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனி மூடியும் ஒவ்வொரு அளவு.

உடம்புக்கு: முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட், நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், ரப்பர் பூட்ஸ். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும்; உள்ளே சொருகினால் வழியும் மருந்து நேராகக் காலுக்குள் இறங்கும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. நனைந்த துண்டு மருந்தை மூக்கருகிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

குடிதண்ணீரும் சோப்பும் தனியாக இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் வெயிலில் டேங்க் சுமந்தால் மயக்கம் மருந்தாலா களைப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

3. நாசிலைத் தேர்ந்தெடுப்பது

தெளிப்பானோடு ஒரு சின்னப் பையில் நாலைந்து நாசில் (மருந்து வெளியே வரும் தெளிப்பு முனை) கொடுப்பார்கள். பலர் அந்தப் பையைப் பிரிப்பதே இல்லை. எதை மாட்டுவது என்பதில் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

பூச்சிக்கும் பூசணத்துக்கும் கூம்பு நாசில். இதன் துளிகள் பொடியாகச் சுழன்று வந்து இலையின் இரு பக்கமும் படும். களைக்கொல்லிக்கு விசிறி நாசில் அல்லது வெள்ள நாசில் எனப்படும் அகலத் தாரை நாசில். துளி பெரிதாக இருப்பதால் காற்றில் அதிகம் பறக்காது, தரையில் பட்டையாகச் சீராக விழும். கூம்பு நாசிலில் களைக்கொல்லி அடித்தால் பொடித் துளிகள் பக்கத்து வயலுக்குப் போகும். 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்கும்போது பக்கத்தில் பருத்தியோ தக்காளியோ இருந்தால் கொஞ்சம் பட்டாலே போதும், பருத்தி இலை குறுகிச் சுருங்கி உருமாறிவிடும். அந்தச் சண்டை ஊர்ப் பஞ்சாயத்து வரை போகும்.

அடைத்த நாசிலைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தாதீர்கள். துளை சிதைந்தால் தாரை ஒரு பக்கமாக ஒழுகும். வாயால் ஊதவே கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷும் தண்ணீரும் போதும்.

4. வெறும் தண்ணீர் ஓட்டம்

நாலைந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி முதுகில் மாட்டி இரண்டு நிமிடம் அடித்துப் பாருங்கள். டேங்க் மூடி, குழாய் இணைப்பு, விசைப்பிடி மூன்றிலும் கசிகிறதா என்று தடவிப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் வாசர் தேய்ந்ததால் வரும். சில ரூபாய் வேலை. இதைப் பார்க்காமல் மருந்தோடு முதுகில் ஏற்றினால் நாள் முழுக்க முதுகுத்தோல் நனைந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, நாசிலை ஒரு வாளிக்குள் பிடித்துச் சரியாக ஒரு நிமிடம் அடியுங்கள். விழுந்த தண்ணீரை அளந்து குறித்து வையுங்கள். புதிய நாசிலில் வந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வர ஆரம்பித்தால் துளை தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

பேட்டரி ஸ்பிரேயரில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் ஒரே இடத்தில் வைத்து, அந்த இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். முந்தின இரவே முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் இறங்கினால் அழுத்தமும் இறங்கும், நீங்கள் அளந்தது எல்லாம் மாறிப்போகும்.

5. பத்துக்குப் பத்து மீட்டரில் தண்ணீரை அளப்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். கால் மணி நேர வேலை.

மருந்து அடிக்கப்போகும் அதே வயலில் 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் அளந்து நான்கு மூலையிலும் முளை அடியுங்கள். இது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட், அதாவது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு.

டேங்கில் சரியாக 10 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். எப்படி அடிப்பீர்களோ அப்படியே அந்தக் கட்டம் முழுவதும் அடியுங்கள். அளக்கிறோம் என்பதற்காக வழக்கத்தைவிடக் கவனமாக, மெதுவாக நடக்காதீர்கள். அப்புறம் உண்மையான வேலையில் கால் தன் வேகத்துக்குத் திரும்பிவிடும். முடிந்ததும் மிச்சத்தை வாளியில் வடித்து அளங்கள். 6 லிட்டர் மிஞ்சினால் 4 லிட்டர் செலவாகியிருக்கிறது. அதை 40-ஆல் பெருக்கினால் 160. உங்கள் கைக்கு, உங்கள் நாசிலுக்கு, இந்தப் பயிருக்கு ஏக்கருக்கு 160 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 16 லிட்டர் டேங்க் என்றால் பத்து டேங்க்.

அளந்த கையோடு இலைகளைத் திருப்பிப் பாருங்கள். தூருக்கோ அடியிலைக்கோ தண்ணீர் போகவில்லை என்றால் நடையை மெதுவாக்கி மறுபடி அளக்க வேண்டும். இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக வழிந்தால் அதிகம். வழிவது மண்ணுக்குத்தான் போகிறது.

இன்னொருவர் அடித்தால் அவருக்குத் தனியாக அளக்க வேண்டும். பயிர் வளர்ந்தாலும் மறுபடி அளக்க வேண்டும். இருபது நாள் மக்காச்சோளத்துக்குப் பிடிக்கும் தண்ணீர் இடுப்பளவு வளர்ந்த பயிருக்குப் போதாது.

6. கணக்கு

இப்போதுதான் "டேங்குக்கு எத்தனை மில்லி" என்ற கேள்விக்கு வருகிறோம். படைப்புழுவுக்கு குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (எஸ்.சி. என்றால் பொடித்துகள் மிதக்கும் கெட்டித் திரவம்) ஏக்கருக்கு 80 மில்லி. பத்து டேங்க் பிடிக்கிற கைக்கு டேங்குக்கு 8 மில்லி.

அதே 8 மில்லியை வேகமாக நடக்கும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவருக்குக் கட்டத்தில் இரண்டரை லிட்டர்தான் செலவாகிறது. ஏக்கருக்கு 100 லிட்டர், ஆறேகால் டேங்க். அவர் வயலில் விழுவது 50 மில்லி. புழு சாகாது, "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். மெதுவாக நடப்பவருக்குக் கட்டத்தில் 6 லிட்டர் போனால் ஏக்கருக்குப் பதினைந்து டேங்க். அவர் 120 மில்லி ஊற்றுகிறார். காசும் போகிறது, விளைபொருளில் எச்சமும் கூடுகிறது.

ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்கும் இதே வழி. 35 சென்ட் என்றால் மருந்து 28 மில்லி, தண்ணீர் 56 லிட்டர், மூன்றரை டேங்க். மூன்று டேங்குக்கு 8 மில்லி, கடைசி அரை டேங்குக்கு 4 மில்லி. கடைசி டேங்கிலும் முழு அளவு ஊற்றிவிட்டு, மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அடித்த இடத்திலேயே திரும்ப அடிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கணக்கு.

சில பரிந்துரைகள் லிட்டருக்கு 0.4 மில்லி என்பதுபோல் இருக்கும். அவை பெரும்பாலும் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. உங்களுக்கு 160 லிட்டர்தான் பிடிக்கிறது என்றால் லிட்டர் கணக்கில் போனால் மருந்து குறைந்துவிடும். லேபிளில் உள்ள ஏக்கர் அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் லேபிள் சொல்லும் தண்ணீரைவிட மிகக் குறைவாகப் போனால் கரைசல் அடர்த்தியாகி இலை கருகும். அப்போது மருந்தை மாற்றாமல் நடையை மாற்றுங்கள்.

7. நேரமும் காற்றும்

காலையிலோ, மூன்று நான்கு மணிக்குப் பிறகோ. உச்சி வெயிலில் துளி இலையில் பட்டதும் காய்ந்துவிடும், உள்ளே இறங்காது. பூத்திருக்கும் எள், சூரியகாந்தி, கொத்தமல்லி போன்றவற்றில் சாயங்காலம்தான் சரி. காலையில் தேனீக்கள் வேலை செய்யும் நேரம். படைப்புழுவுக்கும் சாயங்காலமே நல்லது, இரவில்தான் அது அதிகம் தின்னும்.

இலை லேசாக அசைகிற காற்று நல்லது. கிளை ஆடினால் நிறுத்திவிடுங்கள். அசைவே இல்லாத அதிகாலையும் ஆபத்துதான்: பொடித் துளி கீழே இறங்காமல் மூடுபனி போல மிதந்து எங்கோ போய் இறங்கும். நாலைந்து மணி நேரத்துக்குள் மழை வரும் என்றால் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

8. கலப்பது

தெளிந்த தண்ணீர் வேண்டும். கலங்கிய வாய்க்கால் தண்ணீர் வடிகட்டியை அடைப்பதோடு நிற்காது. சில களைக்கொல்லிகள் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போகும். உப்பு அதிகமான போர்த் தண்ணீரும் சில மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கும்.

டேங்கில் முதலில் பாதித் தண்ணீர். மருந்தை நேராக டேங்கில் ஊற்றாமல், அளந்து வாளியில் ஒரு லிட்டர் தண்ணீரில் குச்சியால் கலக்கி, வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். பிறகு மீதித் தண்ணீர். வெறும் டேங்கில் முதலில் மருந்தை ஊற்றினால் அடியில் குழாய்க்குள் அப்படியே இறங்கி, முதல் பத்தடிக்கு அடர்த்தியாக வந்து பயிரைக் கருக்கும்.

இரண்டு மருந்து சேர்த்தே ஆக வேண்டும் என்றால் வரிசை முக்கியம்: முதலில் தூளும் குருணையும் (டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி.), அடுத்து எஸ்.சி., அதன் பின் ஈ.சி. எனும் எண்ணெய்த்தன்மை உள்ளது, கடைசியில் ஒட்டும் திரவம். எண்ணெய் முதலில் போனால் தூள் அதில் ஒட்டித் திரண்டு கட்டியாகும். அதற்கு முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். திரிந்தாலோ, அடியில் படிந்தாலோ, பாட்டில் சூடானாலோ சேர்க்காதீர்கள். லேபிளில் அனுமதி இல்லாத கலவையை விட்டுவிடுங்கள். கடையில் நாலு மருந்தை ஒன்றாகக் கட்டித் தருவதை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. எது வேலை செய்தது, எது கருக்கியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

பாட்டில் காலியானதும் அங்கேயே மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அந்தத் தண்ணீரை டேங்கிலேயே சேருங்கள். வேலை முடிந்த பிறகு கழுவினால் அந்தத் தண்ணீரை ஊற்ற இடம் இருக்காது. கழுவிய பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் எண்ணெய் வாங்கப் பயன்படுத்தாமல் இருக்க.

கலந்ததை அன்றே அடித்து முடிக்க வேண்டும். இரவு வைத்திருந்தால் பல மருந்துகள் சிதைந்துவிடும்.

9. அடிக்கும் நடை

காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கடைசி வரப்பிலிருந்து ஆரம்பியுங்கள். காற்றுக்குக் குறுக்காக நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று வரும் திசைக்கு ஒரு பட்டை நகருங்கள். அப்போது அடித்த பகுதி எப்போதும் காற்றுக்குக் கீழே இருக்கும். நீங்கள் அடிக்காத, சுத்தமான பகுதியில் நடப்பீர்கள். புதியவர்கள் வண்டி நிறுத்திய பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தங்கள் மருந்துக்குள்ளேயே நடந்து போகிறார்கள்.

ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்தியில் இது உயிர்ப் பிரச்சினை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். அந்த ஆண்டு பயிர் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்ததால் முகத்துக்கு நேராக அடிக்க வேண்டிவந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மார்புக்கு மேல் வளர்ந்த பயிரில் தெளிப்புக் குழலைக் காற்று போகும் பக்கம் நீட்டி அடியுங்கள். மேல்நோக்கி அடிக்கும்போது கையுறை சட்டைக் கைக்கு வெளியே ஏறியிருக்க வேண்டும், வழிவது உள்ளே போகாது.

களைக்கொல்லி அடிக்கும்போது குழலை இடமும் வலமும் வீசாதீர்கள். வீசினால் ஓரங்களில் இரட்டிப்பாகவும் நடுவில் குறைவாகவும் விழும். பத்து நாள் கழித்து வயலில் பச்சைக் கோடுகளாகக் களை நிற்பது இதனால்தான். நாசிலைக் களைக்கு ஒன்றரை அடி உயரத்தில் ஒரே மட்டமாகப் பிடித்து நேராக நடந்து, அடுத்த பட்டை முந்தையதன் ஓரத்தில் கொஞ்சம் ஏறும்படி வாருங்கள். களை முளைக்கும் முன் அடிக்கும் பென்டிமெத்தலின் போன்றவற்றுக்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், அடித்த இடத்தை மிதிக்கக் கூடாது. மண்ணின் மேல் படிந்த மருந்துப் படலம் உடைந்தால் அந்தக் கால்தடத்தில் களை முளைக்கும். நெல்லில் பிஸ்பைரிபாக் சோடியம் அடிக்கும் முன் தண்ணீரை வடித்துக் களை இலைகள் வெளியே தெரியச் செய்யுங்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி தண்ணீர் கட்டுங்கள்.

புகையானுக்கு மேலாக அடிப்பது வீண். தண்ணீரை வடித்து, பயிரை ஒதுக்கித் தூரில் படும்படி அடிக்க வேண்டும். நடவின்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடக்க இடைவெளி, விட்டவர்களுக்கு இது எளிது. விடாதவர்கள் இப்போதாவது பயிரை இரு பக்கமும் விலக்கிப் பாதை எடுங்கள். வெள்ளை ஈக்கு நாசிலை மேல்நோக்கித் திருப்பிக் கீழிருந்து அடியுங்கள். படைப்புழுவுக்கு ஒவ்வொரு செடியிலும் நின்று குருத்துக்குள் மருந்து விழும்படி அடிக்க வேண்டும். புழு பெரிதாகிவிட்டால் அதன் கழிவு குருத்தை அடைத்துக்கொள்ளும், மருந்து உள்ளே போகாது.

10. உடம்பில் மாற்றம் தெரிந்தால்

தலைவலி, வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்கல். இவற்றில் ஒன்று வந்தாலும் வேலையை அப்போதே நிறுத்துங்கள். "இந்த டேங்கை முடிச்சிட்டு வரேன்" என்பது வேண்டாம். நனைந்த உடையைக் கழற்றி, சோப்பு போட்டு உடம்பைக் கழுவி, 108-ஐ அழையுங்கள். பாட்டிலையோ லேபிள் படத்தையோ கட்டாயம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வகை நஞ்சுக்கும் சிகிச்சை வேறு. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தனியாக மருந்து அடிக்கப் போகாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

11. முடித்த பிறகு

டேங்கை மூன்று முறை தண்ணீர் விட்டுக் கழுவி, ஒவ்வொரு முறையும் நாசில் வழியாகவே அதே வயலில் அடித்துத் தீர்த்துவிடுங்கள். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கழுவக் கூடாது. களைக்கொல்லிக்கு முடிந்தால் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் சலவைச் சோடா கரைசலை ஓர் இரவு ஊறவிட்டு, குழாய், வடிகட்டி, நாசில் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுங்கள். குழாய்க்குள் தங்கிய 2,4-டி அடுத்த வாரம் பூச்சிமருந்தோடு சேர்ந்து பருத்திக்குப் போகும்.

உடையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள். ஒரு நாள் வரை அந்த வயலில் யாரையும், முக்கியமாகப் பிள்ளைகளையும் மாட்டையும் விடாதீர்கள்.

நோட்டில் தேதி, மருந்தின் பெயர், அளவு, நாசில், எத்தனை டேங்க் பிடித்தது என்று எழுதி வையுங்கள். மூன்றாம் நாள் வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் செடிகளைப் பிரித்துப் பாருங்கள். சில மருந்துகளில் புழு உடனே சாகாது; தின்பதை நிறுத்திவிட்டு ஓரிரு நாளில் விழும். இலையில் புதிய கடி இல்லை என்றால் வேலை நடந்திருக்கிறது, காத்திருங்கள். ஒரு பக்கம் மட்டும் புழு மிஞ்சியிருந்தால் அந்தப் பக்கம் அடித்தது யார், சார்ஜ் எப்போது இறங்கியது என்று பார்த்து அந்த இடத்துக்கு மட்டும் அடியுங்கள். வயல் முழுக்க ஒரே மாதிரி மிஞ்சியிருந்து, நோட்டில் அளவும் சரியாக இருந்தால், அதே மருந்தைக் கூட்டி ஊற்றாமல் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள்.